இரண்டு ஈ.சி.யும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

2010 கத்திரி வெயிலில் என் தம்பி ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். அதற்கு முந்தைய வருடம்தான் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் 5 சென்ட் மனை வாங்கியிருந்தான். வாங்கும்போது என்னிடம் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டு அசத்தலாம் என்று நினைத்தானாம். 280 அடியில் போர் போட்டிருக்கிறான், தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது, வாயில் வைத்தால் ஒரே உப்பு.

மீட்டரை முக்கிப் பார்த்தேன். 6,100.

"ஈ.சி. பார்த்தியாடா?" என்றேன்.

"முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன் அக்கா. ஒரு வில்லங்கமும் இல்ல."

"நான் கேட்டது அந்த ஈ.சி. இல்ல."

பத்திர ஆபீஸில் ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. நான் 27 வருடம் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஈ.சி. என்றால் மின்கடத்துதிறன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் எண் அது. அதை 0.65-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் மொத்த அளவு, தோராயமாக வந்துவிடும். தம்பியின் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 4,000 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, இது 500-க்குள் இருக்கட்டும் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் முறைப்படி எடுத்த மாதிரியில் குரோமியமும் இருந்தது, 0.21 மி.கி. அதற்கு வரம்பு 0.05, தளர்வே கிடையாது.

அப்புறம்தான் விசாரித்தோம். லேஅவுட் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தின் ஒரு பகுதியில், குரோமியம் கொண்டு தோல் பதனிடும் டேனரி ஒன்றின் உப்புத் தண்ணீரைத் தேக்கி வெயிலில் காயவைத்த தொட்டிகள் இருந்திருக்கின்றன. மேலே இரண்டடி செம்மண் அடித்து, கல் நட்டு, ரோடு போட்டு, வாசலில் ஒரு வளைவும் கட்டி விற்றுவிட்டார்கள். பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம். நிலம்தான் சுத்தமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, மனை பார்க்கிறேன் என்று யார் வந்தாலும் நான் சொல்லி அனுப்பும் வழியை இங்கே எழுதுகிறேன். எனக்குப் பழக்கம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் என்பதால் பேச்செல்லாம் டேனரியைச் சுற்றியே இருக்கும். நொய்யல் கரைக்காரர்கள் டேனரி என்ற இடத்தில் சாயப்பட்டறை என்று வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

பத்திரத்தை வேறு கண்ணால் படிப்பது

வக்கீல் பத்திரத்தைப் படிப்பது இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ள. நீங்கள் அதே பத்திரத்தை, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் படிக்க வேண்டும். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை, நகல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

தாய்பத்திரத்தில் முதலில் செக்குபந்திக்குப் போங்கள். நான்கு எல்லையும் எழுதியிருக்கும் அந்தப் பத்தியை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். என் தம்பியின் பத்திரத்தில் "30 அடி ரோட்டுக்கும் வடக்கு, 14-ஆம் நம்பர் மனைக்கும் கிழக்கு" என்று லேஅவுட் கணக்கில்தான் இருந்தது. ஆனால் 1980-களில் எழுதிய பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தபோது, அதே சர்வே எண்ணுக்கு "கம்பெனி தொட்டிக்கும் தெற்கு" என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த மூன்று வார்த்தையை யாராவது படித்திருந்தால் அவன் பணம் தப்பியிருக்கும். புது லேஅவுட் பத்திரத்தோடு நிற்காமல், நிலம் ஏக்கர் கணக்கில் கைமாறிய காலத்துப் பத்திரம் வரை போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அடுத்தது சொத்து விவரம். "மேற்படி நிலமும், அதிலுள்ள ஷெட், தொட்டிகள், மெஷினரி, புகைபோக்கி உட்பட" என்று எந்தக் காலத்திலாவது எழுதியிருக்கிறதா? வில்லங்கச் சான்றில் அடமானம் இருந்து தீர்ந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். நீங்கள், யாரிடம் எதற்கு அடமானம் வைத்தார்கள் என்று பாருங்கள். விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்தால் ஒரு கதை. தொழில் முதலீட்டுக் கழகத்திலோ வங்கியிலோ தொழில் கடனுக்கு வைத்திருந்தால் அது வேறு கதை. குத்தகைப் பத்திரமும் அப்படித்தான். 'லெதர்ஸ்', 'டையிங்', 'கெமிக்கல்ஸ்', 'பேட்டரீஸ்' என்று முடியும் பெயர் ஒரு வரியில் வந்தாலும் அங்கே விரலை வைத்து நிறுத்துங்கள்.

வில்லங்கச் சான்று வேண்டுமானால் 13 வருடத்துக்குப் போதும் என்று சில புரோக்கர்கள் சொல்வார்கள். கடனுக்கு அது போதுமோ என்னவோ, கழிவுக்குப் போதாது. குறைந்தது 40 வருடம் பின்னால் போங்கள்.

பட்டா, சிட்டாவோடு அடங்கலையும் கேட்டு வாங்குங்கள். அடங்கல் என்பது எந்தப் பசலியில் எந்தப் பயிர் என்று எழுதும் கணக்கு. பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு வருடம். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஆரம்பித்த இங்கிலீஷ் வருடம் வரும். நெல், கரும்பு, தென்னை என்று தொடர்ந்து வந்த நிலம் ஒரு பசலியிலிருந்து 'தரிசு' என்று மாறி, அதன் பிறகு திரும்பவே இல்லை என்றால், ஏன் என்று கேட்க வேண்டும். கிணறு வற்றியிருக்கலாம், வாரிசுகள் ஊரை விட்டுப் போயிருக்கலாம். தண்ணீர் கெட்டும் போயிருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் அது வெறும் சந்தேகம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அதில் இருக்கிறது. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்ததாம். ஏக்கரில் சொன்னால் எண்பத்தாறாயிரத்துக்கு மேல். விவசாயம் செய்ய முடியாத நிலம் என்றைக்கும் சும்மா கிடக்காது, ஊர் வளர்ந்து விலை ஏறும்போது மனையாகிவிடும். அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் பாதிக்கப்பட்ட நிலக்காரர்களைக் கண்டறிந்து நஷ்டஈடு வழங்கச் சொன்னது. ஆகவே விற்பவரிடமோ அவர் அப்பாவிடமோ நான் நேரடியாகக் கேட்கச் சொல்லும் கேள்வி: "இந்த நிலத்துக்கு டேனரித் தண்ணி நஷ்டஈடு வந்துதாங்க?" பெரியவர்கள் இதில் பொய் சொல்வதில்லை. வந்தது குறைவு என்று திட்டிக்கொண்டே தொகையோடு சொல்லிவிடுவார்கள்.

பருப்பு வேகுமா?

ஊருக்குள் போய் "இங்கே நிலத்தடி நீர் மாசா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். தங்கள் ஊர் நிலத்தின் விலையைத் தாங்களே குறைத்துக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? சமையல் பற்றிக் கேளுங்கள். "போர் தண்ணியில பருப்பு வேகுமாம்மா?" கடினத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கல் மாதிரி நிற்கும். "சாதத்துக்கு எந்தத் தண்ணி?" "கேன் என்ன விலை?" "தலைக்குக் குளிச்சா முடி பிசுக்குன்னு இருக்கா?" இந்த நாலு கேள்விக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் அரைமணி நேரம் பதில் சொல்வார்கள்.

ஆடு மேய்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள். ஆடு எந்தக் குட்டையில் வாய் வைக்காது என்று அவர்களுக்கு அத்துப்படி. போர் போடும் வண்டிக்காரர்கள் இன்னொரு சுரங்கம். எந்தத் தெருவில் எத்தனை அடியில் என்ன நிறத்தில் தண்ணீர் வந்தது என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.

பெயர்களையும் கவனியுங்கள். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது. ஆலை போய்விட்டது, பெயர் ரயில் நிலையத்தில் நிற்கிறது. சின்ன ஊர்களிலும் அப்படித்தான். ஆலை இடிந்து இருபது வருடம் ஆன பிறகும் பஸ் கண்டக்டர் "தோல் கம்பெனி ஸ்டாப்பு" என்றுதான் கூவுவார்.

"டேனரி மூடியே இருபது வருஷம் ஆச்சுங்க, எல்லாம் கழுவிப் போயிருக்கும்" என்பது நான் அடிக்கடி கேட்ட ஆறுதல். குரோமியம் அழுகிப் போகிற பொருள் இல்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் செய்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன். மூடிப் பத்து வருடம் கழித்து, 2006-இல், உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையின் பெயர் வந்தது.

இடத்தில் நடப்பது

மழைக்காலம் முடிந்து பச்சைப் பசேல் என்று இருக்கும்போது காட்டுவார்கள். நீங்கள் பங்குனி, சித்திரையில் ஒரு தடவை கட்டாயம் போங்கள். மழைத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்திருக்கும் கார்த்திகைக்கும், எல்லாம் சுண்டிக் கிடக்கும் சித்திரைக்கும் ஒரே போரில் மீட்டர் எண் ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசம் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

தரையில் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறதா? உப்புப் பூத்தல் அது. மண் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில், மரத்தூள் மாதிரி நார்நாராக இருந்தால் அது குரோமில் பதப்படுத்திய தோலைச் சீவிய தூள். குட்டையில் தேங்கிய தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் கையை வைக்காதீர்கள், ஆறாம் நிலை குரோமியத்தின் நிறம் அது, புற்றுநோய் தரக்கூடிய வகை. தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து பிரிந்தால் இரும்புப் பாக்டீரியா, பயமில்லை. பிரிந்தது உடனே ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான்.

ஒரு கடப்பாரை கொண்டுபோய், மனையில் தாழ்ந்த மூலையில் இரண்டு மூன்றடி தோண்டச் சொல்லுங்கள். விற்பவர் தோண்ட விடவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில். மேலே செம்மண், கீழே கறுப்பு, இடையில் பிளாஸ்டிக் கவர் என்றால் அது குப்பை கொட்டி மேடாக்கிய இடம். பழைய செங்கல் சூளைப் பள்ளம், கல்குவாரி, குட்டை இவற்றையெல்லாம் அப்படித்தான் நிரப்புகிறார்கள். வீடு கட்டினால் தரை ஒரு பக்கம் இறங்கும். மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வரும், மூடிய அறையில் தீப்பிடிக்கக்கூடிய வாயு அது.

வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். மேலே கடிகாரப் படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் அதே இடத்தின் பழைய வருடப் படங்கள் வரிசையாக வரும். என் தம்பியின் மனை இருக்கும் இடத்தில் வரிசையாக ஆறு செவ்வகத் தொட்டிகள், அடுத்த படத்தில் வெற்று மண், அதற்கடுத்த படத்தில் லேஅவுட் ரோடுகள். 2009-இல் இதைப் பார்க்கத் தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை.

சரிவையும் பாருங்கள். உங்கள் மனையில் எதுவும் கொட்டாமல் இருக்கலாம். ஆனால் நிலத்தடி நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, பெரும்பாலும் ஆற்றை நோக்கிப் போகிறது. மேட்டுப் பக்கம் பழைய ஆலை இருந்தால் அதன் கழிவு உங்கள் போருக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தண்ணீரை மோசமாகக் கெடுக்கும் ஆலைக்கு இடமில்லை என்று 1989-இலேயே தமிழக அரசு ஆணை போட்டது. அதனால் ஆற்றோரம் இருந்தவை பெரும்பாலும் அதற்கு முந்தைய பழைய ஆலைகள், சுத்திகரிப்பு என்ற பேச்சே இல்லாத காலத்தவை.

தண்ணீர் எடுப்பது

என் தொழில் இது, கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

புரோக்கர் கொண்டுவந்து கொடுக்கும் தண்ணீரை ஒருநாளும் நம்பாதீர்கள். ஒரு லேஅவுட்டின் மாதிரி என்று சொல்லி, முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்தவரை நான் பார்த்திருக்கிறேன். குளோரின் வாசனை அவரைக் காட்டிக்கொடுத்தது. நீங்களே போய், நீங்களே பிடியுங்கள். மனையில் போர் இல்லை என்றால் பக்கத்து நிலத்து பம்புசெட்டில், முடிந்தால் மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளத்துப் பக்கம் ஒன்று என இரண்டு இடத்தில் எடுங்கள்.

மோட்டாரைப் போட்டதும் பிடிக்கக் கூடாது. பைப்பில் தங்கிய பழைய தண்ணீர் போகப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். புதிய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் அமிலமும் முடிவைக் கெடுக்கும். கேன் மேல் தேதி, நேரம், சர்வே எண், போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். உலோகங்களுக்கு ஆய்வகமே நைட்ரிக் அமிலம் போட்ட சின்ன பாட்டில் கொடுக்கும். அதை அலசிவிடாதீர்கள், பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆறாம் நிலை குரோமியத்துக்கு அமிலம் சேர்க்காத வேறு பாட்டில், ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கொடுக்கும் இடம்: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் பொதுமக்கள் தண்ணீரையும் பரிசோதிப்பார்கள். உலோகங்களுக்கு, ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகம் நல்லது. 'தண்ணீர் டெஸ்ட்' என்று மொட்டையாகச் சொன்னால் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு என்று வழக்கமான பட்டியலைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் என்ன தொழில் நடந்தது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பக் கேட்க வேண்டும். டேனரி என்றால் மொத்த குரோமியம், ஆறாம் நிலை குரோமியம், குளோரைடு, சோடியம். சாயப்பட்டறை என்றால் டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், நிறம். பழைய பேட்டரி உருக்கிய இடத்தில் ஈயம். முலாம் பூசும் பட்டறையில் குரோமியம், நிக்கல், சயனைடு. பழைய பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட் என்றால் பென்சீனும் எண்ணெயும். நெருக்கமாக வீடும் செப்டிக் டேங்கும் இருக்கும் இடத்தில் நைட்ரேட், அது 45 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டினால் எந்த ஆலையையும் திட்டாதீர்கள், அங்கே பாறையே அப்படி.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் பத்து மனை பார்க்கும்போது கழித்துக்கட்ட உதவும். ஆனால் அது 400 காட்டினால் நிலம் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01. அது பத்து மடங்கானாலும் நானூறில் மீட்டருக்கு எப்படித் தெரியும்? மீட்டர் அதிகம் காட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம், குறைவாகக் காட்டினால் சரி என்று சொல்ல முடியாது.

"குடிக்க கேன் வாங்கிக்கலாம், குளிக்க துவைக்கத்தானே" என்பார்கள். வீட்டை எந்தத் தண்ணீரில் கட்டப்போகிறீர்கள்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. என் தம்பியின் போரில் 1,480. வீடு கட்டவில்லையே தவிர, காம்பவுண்ட் சுவரை அதற்குள் அந்தத் தண்ணீரிலேயே கட்டி முடித்திருந்தான். மூன்றாவது வருடம் பூச்சு பொரிந்து, தூண் கம்பி துருவேறி வெளியே தெரிந்தது.

மண்

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை அட்டையை வைத்துக்கொண்டு "மண் டெஸ்ட் ஓகே" என்று காட்டுவார்கள். அது தழை, மணி, சாம்பல் சத்துப் பார்த்து உரம் சொல்லும் அட்டை. அதிலும் ஒரு ஈ.சி. இருக்கும். அது வேறு அலகு, அதில் 1 என்பது தண்ணீர் மீட்டர் கணக்கில் 1,000. 4-ஐத் தாண்டினால் உவர் மண், அந்த அளவுக்கு உபயோகம் உண்டு. ஈயமோ குரோமியமோ அதில் வராது.

மண் எடுக்கும் முறையும் வேறு. உரத்துக்கு எடுக்கும்போது பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரு கிலோ எடுப்பார்கள். விஷம் தேடும்போது அப்படிக் கலந்தால், ஒரு மூலையில் இருக்கும் கழிவு ஒன்பது நல்ல மண்ணோடு சேர்ந்து மறைந்துவிடும். சந்தேகமான இடத்து மண்ணைத் தனியாக எடுங்கள். மேல் அரையடி ஒரு பை, மூன்றடி ஆழம் இன்னொரு பை. மேலே அடித்த செம்மண்ணைச் சோதிப்பதற்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. கூடவே, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மேட்டு நிலத்தில், எந்த ஆலையும் இல்லாத இடத்தில் ஒரு பை எடுத்து அதையும் கொடுங்கள். உங்கள் மண்ணில் குரோமியம் இந்த மண்ணைவிடப் பல மடங்கு என்றால் வேறு விளக்கம் தேவையில்லை.

காகிதம் கேட்பது, காகிதத்தில் எழுதுவது

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்: இந்தக் கிராமத்தில், இந்த சர்வே எண்களிலும் சுற்றியுள்ளவற்றிலும் இசைவாணை பெற்ற ஆலைகள் எவை, மூட உத்தரவிட்டவை எவை, சமீபத்திய நிலத்தடி நீர் ஆய்வு முடிவுகளின் நகல். "மாசு உள்ளதா?" என்று கேட்டால் "இவ்வலுவலகத்தில் அத்தகைய தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஒரு மாதம் காத்திருந்தால் மனை போய்விடும் என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். போகட்டும். இல்லை, இந்த இடம்தான் வேண்டும் என்று தோன்றினால் சின்னத் தொகை அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்டில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் எழுதிக் கொடுத்த வாசகம் (1-வது பார்ட்டி விற்பவர், 2-வது பார்ட்டி வாங்குபவர்):

"மேற்படி சொத்தில் இதுநாள்வரை ஆலைக் கழிவு, தோல் கழிவு, சாயக் கழிவு, குப்பை முதலிய எதுவும் கொட்டப்படவோ, புதைக்கப்படவோ, தேக்கப்படவோ இல்லையென்று 1-வது பார்ட்டி உறுதி கூறுகிறார். மேற்படி சொத்தின் மண்ணையும் நிலத்தடி நீரையும் 2-வது பார்ட்டி தம் செலவில் பரிசோதித்துக்கொள்ள 1-வது பார்ட்டிக்குச் சம்மதம். பரிசோதனையில் மேற்படி உறுதிக்கு மாறாகத் தெரியவரும் பட்சத்தில் 2-வது பார்ட்டி கிரையம் பெறக் கடமைப்பட்டவரல்ல. பெற்ற முன்பணம் முழுவதையும் 1-வது பார்ட்டி 15 தினங்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டியது."

இதில் கையெழுத்துப் போடத் தயங்குபவர் ஏன் தயங்குகிறார் என்று யோசியுங்கள். நிஜமாகவே எதுவும் தெரியாதவர் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார்.

இந்த வாசகம் இல்லாவிட்டாலும் சட்டம் கொஞ்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி. பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்க ஐந்து வருடத்துக்குள் போக வேண்டும், தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்று தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. இருந்தாலும் கிரையம் முடிந்த பிறகு கோர்ட்டுக்குப் போவதும், கிரையத்துக்கு முன்னால் ஒரு கேன் தண்ணீர் எடுப்பதும் ஒன்றில்லை. என் தம்பி இரண்டு வக்கீலைப் பார்த்தான். தொட்டி இருந்தது விற்றவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது யார் என்று இருவரும் ஒரே மாதிரி கேட்டார்கள். லேஅவுட் போட்டவர் அதற்குள் ஊரிலேயே இல்லை.

2021-இல் அந்த மனையை விற்றுவிடலாம் என்று தம்பி ஆரம்பித்தான். "யார்கிட்டயும் சொல்லாம வித்துடறேனே" என்றான். அதே 55-ஆவது பிரிவு இப்போது உன் மேல்தான் பாயும், உனக்குத் தெரியும் என்பதற்கு என் ஆய்வகத்து ரிப்போர்ட்டே சாட்சி என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் சொல்லித்தான் விற்க முயன்றான். வீடு கட்ட வந்த இரண்டு பேர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவருக்கு டைல்ஸ் குடோன் போட இடம் வேண்டும், போர் தண்ணீர் தேவையில்லை, கட்டுவதற்கு லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். விலையைப் பாதியாகக் கேட்டார். பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, ரிப்போர்ட் பழசாயிற்றே, நானே ஒருதரம் டெஸ்ட் பண்ணிக்கிறேன் என்று வண்டியிலிருந்து ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்தார். உள்ளே போய்ப் புதுக் கேன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன்.